கோழியாய் நின்ற ஸ்பாஞ்ச்பாப்

இடுப்பை முன்னால் வளைத்து, கைகளை இறக்கை மாதிரி மடக்கி, வாயைக் கோணலாகக் குவித்து நிற்கும், மஞ்சள் கடற்பஞ்சுக் கார்ட்டூன் ஸ்பாஞ்ச்பாபின் படத்தைப் பார்க்காதவர்கள் இங்கே குறைவு. எதிராளி சொன்னதையே திருப்பிச் சொல்லிப் பழிப்புக் காட்ட அந்த ஒரு படம் போதும். 2017 மே மாதம் ட்விட்டரில் கிளம்பியது, இன்னும் ஓயவில்லை.

ஆனால் மூலக் காட்சியில் அவன் யாருக்கும் பழிப்புக் காட்டவில்லை. அவன் கோழி. 9வது சீசனில் 'லிட்டில் யெல்லோ புக்' என்று ஒரு எபிசோட். ஸ்பாஞ்ச்பாபின் டைரி பக்கத்து வீட்டு ஸ்க்விட்வார்ட் கையில் மாட்டுகிறது. கட்டம் போட்ட துணியைக் கண்டால் தன்னையறியாமல் கோழியாகிவிடுவது அந்த டைரி ரகசியங்களில் ஒன்று. அப்படிக் கோழியாகி நிற்கும் நிலைதான் நாம் பார்ப்பது. கதையை ஞாபகம் வைத்துக்கொண்டு யாராவது மீம் போட்டிருந்தால் கட்டம் போட்ட லுங்கி ஜோக்கோடு அன்றைக்கே முடிந்திருக்கும்.

கார்ட்டூன் படங்கள் ஏன் இவ்வளவு மீம் ஆகின்றன என்று கேட்டால், "அதெல்லாம் நாஸ்டால்ஜியா சார், சின்ன வயசுல பார்த்தது" என்று ஒரே வரியில் இதை முடித்துவிடுகிறார்கள். அது பாதி உண்மை. 2016 வாக்கில் டெம்ப்ளேட் ஆன, அதாவது எழுத்தை மட்டும் மாற்றி மாற்றிப் போடும் மீம் படமான ஸ்பாஞ்ச்பாப் படங்களில் பெரும்பாலானவை முதல் 3 சீசனில் இருந்து வந்தவை, அதாவது 1999 முதல் 2004 வரை. 2000ல் 8 வயதில் டிவி முன்னால் உட்கார்ந்த பிள்ளைக்கு 2016ல் 24 வயது. கையில் சொந்த ஃபோன், மனசில் சொந்த எரிச்சல். கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆனால் கோழி 9வது சீசன். அந்த 24 வயதுக்காரர் அதற்குள் கார்ட்டூனை விட்டு வெகுதூரம் போயிருப்பார். தவிர, அதே வருடங்களில் அதே பிள்ளைகள் பார்த்த எத்தனையோ கார்ட்டூன்களில் இருந்து ஒரு டெம்ப்ளேட்கூட வரவில்லையே, ஏன்? ஞாபகம் மட்டும் போதுமென்றால் எல்லாமே வந்திருக்க வேண்டும்.

என் கட்சி இதுதான்: வரைந்தவன் கை இல்லாமல் மீம் இல்லை. கதையும் வசனமும் உதிர்ந்த பிறகும் தனியாக நிற்கிற படம்தான் டெம்ப்ளேட் ஆகும்.

ஸ்பாஞ்ச்பாபை உருவாக்கிய ஸ்டீபன் ஹில்லன்பர்க் கலிஃபோர்னியாவில் டேனா பாயின்ட் என்ற ஊரில் கடலுயிரியல் சொல்லிக்கொடுத்தவர். பிறகு அனிமேஷனுக்கு வந்தார். அவர் குழுவில் முழு வசனத்தோடு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுக்கும் வழக்கம் இல்லை. சுருக்கமான கதைக் குறிப்பு மட்டும் கைக்கு வரும். ஸ்டோரிபோர்டு ஓவியர்கள் அதை வைத்துப் படம் படமாக வரைந்துகொண்டே வசனத்தையும் எழுதுவார்கள். அதனால் சிரிப்பு முதலில் உடம்பிலும் முகத்திலும் பிறக்கிறது, வசனம் அதன் பின்னால் வருகிறது. அந்த முக்கிய நிலைகளை வைத்துக்கொண்டுதான் கொரியாவில் இருக்கும் ரஃப் டிராஃப்ட் ஸ்டுடியோ அனிமேஷன் செய்தது. வசனத்தில் சிரிக்கவைக்கிற கார்ட்டூனை மியூட்டில் போட்டுப் பாருங்கள், இரண்டு பொம்மைகள் எதிரெதிரே நின்று வாயசைக்கும், அவ்வளவுதான். ஸ்பாஞ்ச்பாபை மியூட்டில் பார்த்தாலும் யார் பயப்படுகிறான், யார் பொய் சொல்கிறான் என்று தெரியும்.

ஒரு எபிசோட் சுமார் 11 நிமிடம். நொடிக்கு 24 பிரேம் என்றால் 15,840 பிரேம். ஆனால் ஒவ்வொரு படத்தையும் இரண்டிரண்டு பிரேமுக்கு நிறுத்துவதுதான் கார்ட்டூன் வழக்கம். ஆக மிஞ்சி மிஞ்சிப் போனால் 7,920 தனிப் படங்கள். அசையாமல் நிற்கும் இடங்களைக் கழித்தால் இன்னும் குறையும். அதில் டெம்ப்ளேட் ஆவது ஒன்றோ இரண்டோ. 1வது சீசனின் 'நேச்சர் பேன்ட்ஸ்' எபிசோடில் இருந்து மட்டும் இரண்டு கிடைத்தது: தோளைக் குறுக்கி விஷமமாகச் சிரிக்கும் நண்பன் பேட்ரிக், மூச்சு வாங்கிச் சாய்ந்து நிற்கும் ஸ்பாஞ்ச்பாப். ஒருவன் துரத்துகிறான், ஒருவன் ஓடுகிறான். துரத்தல் காட்சியில் உடம்பு முழுக்கப் பேசும், அதனால் அங்கே விளைச்சல் அதிகம்.

ஒரு படம் தேறுமா என்று பார்க்க ஓவியர்கள் செய்யும் பழைய சோதனை ஒன்று உண்டு. உருவம் முழுவதையும் கறுப்பாக நிரப்பி, கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அப்போதும் என்ன செய்கிறான் என்று புரிந்தால் படம் நிற்கும். 1வது சீசன் 'எஸ்பி-129'ல் வரும் குகைமனிதன் ஸ்பாஞ்ச்பாப் இதில் தூக்கலாகப் பாஸாகிறான்: முழங்கால் மடங்கி, கை விரிந்து, திடுக்கிட்டுத் திரும்பும் அந்த நிழலே போதும். வடிவேலு டெம்ப்ளேட்டுகளை இதே சோதனையில் போட்டுப் பாருங்கள். நமக்குக் கார்ட்டூன் அவ்வளவாகத் தேவைப்படாததற்குக் காரணம் புரியும், மனுஷன் உடம்பே ஸ்டோரிபோர்டு.

முகமே இல்லாமலும் ஜெயிக்கலாம். அமெரிக்காவின் பிபிஎஸ் சேனலில் வந்த 'ஆர்தர்' தொடரில் 1999ல் ஒரு எபிசோட். ஆர்தர் பார்த்துப் பார்த்துச் செய்த மாடல் விமானத்தைத் தங்கை டி.டபிள்யூ. ஜன்னல் வழியாக எறிந்து உடைக்கிறாள். அவன் கை முஷ்டியாக இறுகுவதை ஒரு நெருக்கக் காட்சியில் காட்டுகிறார்கள். மஞ்சள் ஸ்வெட்டர் கை, ஜீன்ஸ், முஷ்டி. வேறொன்றுமில்லை. 17 வருடம் கழித்து 2016ல் அது இணையம் முழுக்கப் பரவியது. முகம் தெரியாததுதான் அதன் பலம். எரிச்சலை வெளியே காட்ட முடியாமல் நிற்கும் யாருடைய கையாகவும் அது இருக்கலாம். ஆபீசில் மேனேஜர் முன்னால், கல்யாண வீட்டில் "எப்ப விசேஷம்" என்று கேட்கும் பெரியம்மா முன்னால், அதே கை. இங்கே மூலக் காட்சியின் உணர்ச்சி மாறவில்லை. கோழிக்கு நேர் எதிர். ஆக, அர்த்தம் மாறியே ஆகவேண்டும் என்று சட்டமில்லை, படத்தில் ஒரே ஒரு உணர்ச்சிதான் இருக்கவேண்டும், அது தெளிவாக இருக்கவேண்டும்.

இனி பிரேம் எடுக்கிற வேலைக்கு வருகிறேன். நல்ல காட்சியை வைத்துக்கொண்டு பலர் கோட்டை விடும் இடம் இது.

ஓடுகிற வீடியோவை நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் பெரும்பாலும் ஒரு நிலையில் இருந்து அடுத்த நிலைக்குப் போகும் இடைப்படம்தான் மாட்டும். கை வேகமாகத் திரும்பும்போது ஓவியர்கள் அதை மாவு இழுத்த மாதிரி நீட்டி வரைவார்கள். ஓட்டத்தில் அது கண்ணுக்குத் தெரியாது, நிறுத்தினால் விகாரமாக இருக்கும். சில சமயம் அந்த விகாரமே சிரிப்பு, பெரும்பாலும் வெறும் குழப்பம். யூடியூப் என்றால் நிறுத்திவிட்டுக் கீபோர்டில் முற்றுப்புள்ளியைத் தட்டினால் ஒரு பிரேம் முன்னால் போகும், காற்புள்ளி பின்னால் கொண்டுவரும். விஎல்சி வீடியோ பிளேயரில் 'ஈ' விசை முன்னால் மட்டும் நகர்த்தும், விண்டோஸில் ஷிஃப்ட்டோடு 'எஸ்' அழுத்தினால் படம் சேமிக்கும். அசைவு முடிந்து உருவம் நிலைகொள்ளும் இடத்துக்கு இரண்டு மூன்று படம் முன்பின் போய்ப் பாருங்கள். உணர்ச்சி உச்சத்தில் இருப்பது பெரும்பாலும் நிலைகொள்வதற்குச் சற்று முன்னால்தான், அங்கே உடம்பு கொஞ்சம் மிகையாகப் போய்விட்டுத் திரும்பும். விதிவிலக்கும் உண்டு. 2019 ஆகஸ்டில் பரவிய, நாற்காலியில் இருந்து பாதி எழுந்த ஸ்பாஞ்ச்பாப், முழுக்க நடு அசைவு. "சரி, நான் கிளம்புறேன்" என்பதற்குப் பாதி எழுந்த நிலைதானே பொருத்தம்.

டிவிடியில் இருந்து எடுத்தால் இரண்டு சிக்கல். அமெரிக்க டிவிடியில் படம் 720க்கு 480 பிக்சல், ஆனால் காட்டவேண்டிய விகிதம் 4க்கு 3. அப்படியே சேமித்தால் முகம் அகலமாகி எல்லோரும் கொழுத்துத் தெரிவார்கள். ஸ்பாஞ்ச்பாப் ஏற்கெனவே சதுரம் என்பதால் பலருக்கு இது கண்ணில் படுவதே இல்லை, பேட்ரிக்கைப் பார்த்தால் தெரியும். 640க்கு 480 ஆகவோ 720க்கு 540 ஆகவோ மாற்றிவிடுங்கள். இன்னொன்று, விளிம்பில் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாக வருவது. நொடிக்கு 24 பிரேமை 30 ஆக்கும்போது ஒவ்வொரு 5 பிரேமிலும் 2 பிரேம்கள், அடுத்தடுத்த இரண்டு படங்களின் கலவையாகிவிடும். பதறவேண்டாம், ஒன்றிரண்டு பிரேம் தள்ளினால் சுத்தமான படம் கிடைக்கும். அந்தப் பல்லோடு சுற்றும் டெம்ப்ளேட்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் ஆர்தர் கைதான் எனக்கு.

உருவத்தை வெட்டி எடுப்பதென்றால் 1வது சீசனில் கூடுதல் வேலை. அது செல்லுலாய்டு தாளில் பெயின்ட் அடித்த காலம், நிறம் சமமாக இருக்காது, ஒரே க்ளிக்கில் தேர்வு செய்தால் விளிம்பில் திட்டுத் திட்டாக மிஞ்சும். அதன்பின் டிஜிட்டல் வண்ணம் வந்துவிட்டதால் சுலபம். எஃபெக்ட் போடும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். கூட்டத்தின் நடுவில் மிரண்டு நிற்கும், ஸ்பாஞ்ச்பாபின் முதலாளி மிஸ்டர் கிராப்ஸ் படத்தில் ஒரு சுழல் மங்கல் இருக்கிறதே, அது கார்ட்டூனில் இல்லை, மீம் போட்டவர்கள் சேர்த்த ரேடியல் பிளர். மையத்தை முகத்தில் வைத்ததால்தான் அது தலை சுற்றுவது போல வேலை செய்கிறது. மையத்தைப் படத்தின் நடுவிலேயே விட்டால் முகம் கலங்கிப்போய், ஃபோன் கேமரா ஆடின படம் மாதிரி ஆகிவிடும்.

எழுத்து. படத்துக்கு மேலே வெள்ளைப் பட்டையில் எழுதுவது சும்மா வந்த பழக்கம் இல்லை. கண் முதலில் சூழ்நிலையைப் படிக்கவேண்டும், பிறகு முகத்தில் போய் இடிக்கவேண்டும். கீழே எழுதினால் ஜோக்கின் முடிவை முதலிலேயே சொன்ன மாதிரி. மூன்று வரிக்கு மேல் போனால் அது மீம் இல்லை, மனு. தமிழில் எழுதும்போது ஆங்கிலக் கணக்கு உதவாது. நமக்கு மேலே புள்ளியும் வளைவும் கீழே சுழியும் உண்டு, வரி இடைவெளியை எழுத்தளவின் 1.3 மடங்காவது வையுங்கள். படத்தின் மேலேயே வெள்ளை எழுத்துக்குக் கறுப்பு ஓரம் கொடுப்பதென்றால் 2 அல்லது 3 பிக்சல் போதும், அதற்கு மேல் போனால் 'ண', 'ஞ' சுழிகள் அடைத்துக்கொண்டு கரப்பான்பூச்சி நசுங்கிய மாதிரி இருக்கும். பழைய ஃபோட்டோஷாப்பில் 'கொ' மூன்று துண்டாகச் சிதறுகிறது என்றால் ஃபான்ட் மேல் பழி போடாதீர்கள், டெக்ஸ்ட் எஞ்சினைத் தெற்காசிய மொழிகளுக்கானதாக மாற்றவேண்டும்.

கோழிப் படத்துக்குத் தமிழில் ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு எழுத்து பெரியது, அடுத்தது சின்னது என்று மாற்றி மாற்றிப் போடுவதுதான் அந்தப் பழிப்பின் குரல். படத்தையே எடுத்துவிட்டாலும் அந்த எழுத்துமுறை மட்டும் தனியாகப் பழிப்புக் காட்டும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. ஃபான்ட் அளவை ஏற்றி இறக்கிப் போடுகிறார்கள், ரயில் குலுங்குகிற மாதிரி இருக்கிறதே தவிர நக்கல் வரவில்லை. நமக்குப் பழிப்பு என்றால் மழலை. "நாளைக்கு கண்டிப்பா திருப்பித் தந்துடுறேன்" என்பதை "நாளைக்கி கந்திப்பா தியுப்பித் தந்துதுதேன்" என்று அதற்கு அடுத்த வரியில் போட்டுப் பாருங்கள், கோழி உயிர்பெறும். இரண்டு மூன்று சொல்லைச் சிதைத்தால் போதும், எல்லாவற்றையும் சிதைத்தால் யாரும் படிக்கமாட்டார்கள்.

பெயர் ஒட்டும் வகை மீமுக்கு உதாரணம் 'இது புறாவா?' படம். 1991ல் வந்த ஜப்பானிய ரோபோ கார்ட்டூன் ஃபைபர்டில், பூமிக்குப் புதிதாக வந்த மனித உருவம் பட்டாம்பூச்சியைக் காட்டிக் கேட்கும் கேள்வி. 2011ல் டம்ளர் என்ற சமூக வலைத்தளத்தில் சுற்றியது, 2018ல்தான் வெடித்தது. முதலில் சப்டைட்டிலை அப்படியே வைத்துச் சிரித்தார்கள். பிறகு ஆள், பூச்சி, கேள்வி என்று மூன்று இடத்திலும் பெயர் ஒட்டலாம் என்று கண்டுபிடித்தார்கள், ஒரே படம் ஆயிரம் படமாகிவிட்டது. ஒட்டும் பெயர் ஒவ்வொன்றும் இரண்டு மூன்று சொல்லுக்குள் நிற்கவேண்டும்.

கம்பெனிக்காரர்கள் உள்ளே வரும்போது சுவை குறைவதும் இயல்பு. 2019ல் ஸ்பாஞ்ச்பாபை ஒளிபரப்பும் நிக்கலோடியன் சேனல் இந்த மீம்களையே வினைல் பொம்மைகளாக விற்றது. குகைமனிதன், அழகன் ஸ்க்விட்வார்ட், திகைத்த பேட்ரிக் வரிசையில் நம்ம கோழியும் இருந்தது, 'மாக்கிங் ஸ்பாஞ்ச்பாப்' என்ற பெயரில். கோழி என்பதைப் படைத்தவர்களே விட்டுவிட்டார்கள். பொம்மை பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதன் தலைக்கு மேலே எழுத இடமில்லை.

டெம்ப்ளேட் பகிர்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். தட்டையான நிறமும் கறுப்புக் கோடும் இருக்கும் கார்ட்டூன் படத்தை ஜேபெக்கில் சேமித்தால் கோட்டைச் சுற்றி அழுக்குப் படியும், ஒவ்வொரு முறை மறுபடி சேமிக்கும்போதும் கூடும். பிஎன்ஜியாக வையுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், அப்போதுதான் சுருக்காமல் போகும். எழுத்தில்லாத வெறும் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். அடுத்தவர் எழுதினதை அழித்துவிட்டு அதன்மேல் எழுதுவது சுண்ணாம்பு அடித்த சுவரில் போஸ்டர் கிழித்த மாதிரிதான் தெரிகிறது.