வந்த அன்றே ஏற்றுவதா?

லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் புதிய பதிப்பு வெளியான உடனே சர்வரில் ஏற்றிவிடுவதுதான் பாதுகாப்பு என்று கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள். பாதி சரி. ஆனால் 6.1 மாதிரி நீண்டகால ஆதரவுள்ள வரிசையில்கூட சின்ன அப்டேட் ஒன்று காலை வாரிவிடும் என்பதற்கு 2023 டிசம்பரே போதும். 6.1.64இல் புதிய பதிப்பிலிருந்து ஒரு திருத்தத்தைப் பின்னோக்கிக் கொண்டுவந்தார்கள், அதற்குத் துணையாக வர வேண்டிய இன்னொரு திருத்தம் விட்டுப்போய்விட்டது. விளைவு, இஎக்ஸ்டி4 என்ற ஃபைல் சிஸ்டத்தில், கேஷ் என்ற தற்காலிக நினைவகத்தைத் தாண்டி நேரடியாக டிஸ்கில் எழுதும் சில புரோகிராம்களுக்கு ஃபைலில் இடம் நகராமல், முன்பு எழுதியதன் மேலேயே அடுத்ததும் போய் விழுந்தது. இந்தக் கர்னலோடு வரவிருந்த டெபியன் (லினக்ஸின் ஒரு விநியோகம்) 12.3 வெளியீட்டையே நிறுத்திவைத்து, 10ஆம் தேதி 12.4ஆக வெளியிட்டார்கள். கிராஷ் ஆனாலாவது தெரியும், இது சத்தமே இல்லாமல் டேட்டாவைக் கெடுப்பது.

நான் பட்டது வேறு. ஒரு கிளையன்ட்டுக்காக ராத்திரி 2 மணிக்கு ரீபூட் கொடுத்தேன், உயிரோடு இருக்கிறதா என்று நெட்வொர்க் வழியாகக் கேட்கும் பிங்குக்குப் பதில் திரும்ப வரவே இல்லை. கன்சோலில் பார்த்தால் மெஷின் நன்றாக எழுந்து லாகின் கேட்டுக்கொண்டு நிற்கிறது, நெட்வொர்க் கார்டு மட்டும் காணோம்! அந்தக் கார்டை இயக்கத் தனியாக நிறுவியிருந்த டிரைவர் புதிய கர்னலுக்குக் கம்பைல் ஆகவே இல்லை. எந்தக் கர்னலில் பூட் ஆவது என்று தேர்வு செய்யும் கிரப் மெனுவில் பழைய கர்னல் இருந்ததால் பிழைத்தேன்.

அவசரமான பாதுகாப்பு ஓட்டை என்றால் உடனே போடுங்கள், மறுப்பில்லை. மற்றதெல்லாம் முதலில் ஒரு டெஸ்ட் மெஷினில் ஒரு வாரமாவது ஓடட்டும், அப்புறம் ஒவ்வொரு சர்வராக. கர்னல்கள் இருக்கும் பூட் பார்ட்டிஷனில் இடமில்லை என்று பழைய கர்னலை மட்டும் அழித்துவிடாதீர்கள்.