தலைவருக்கு ஓராண்டு, மரத்துக்கு?

பதினோரு ஆண்டுகளாக ஒரு சேவைச் சங்கத்தில் உறுப்பினராக இருக்கிறேன். பதினோரு தலைவர்களைப் பார்த்தாயிற்று, பதினோரு மரம் நடுவிழாக்களையும் பார்த்தாயிற்று. நட்ட இடம் என்னவோ பெரும்பாலும் ஒரே இடம்தான்.

வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. சென்ற ஆண்டு குழி தோண்டியபோது கடப்பாரை முனையில் கறுப்பு பிளாஸ்டிக் மாட்டியது. இழுத்துப் பார்த்தால் நாற்றங்கால் பை. அதற்குள் பென்சில் பருமனில் காய்ந்துபோன தண்டு ஒன்று. வெளியே போக வழியில்லாமல் பைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நூற்கண்டு போல இறுகிக் கிடந்தது வேர். அதற்கு முந்தைய ஆண்டு யாரோ அவசரத்தில் பையைக் கிழிக்காமலேயே நட்டிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, அந்த ஆண்டுப் புகைப்படத்தில் மண்வெட்டியும் கையுமாக நிற்பவர்களில் நானும் ஒருவன். பையை ஓரமாக வீசிவிட்டு அதே குழியில் புதுக் கன்றை வைத்தோம். எல்லோரும் கைதட்டினார்கள்.

இதில் தனிமனிதர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ரோட்டரி, லயன்ஸ் போன்ற அமைப்புகளில் சங்க ஆண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது. தலைவர் பதவியும் பொதுவாக ஓராண்டுதான். யாரும் நாற்காலியோடு ஒட்டிக்கொள்ள முடியாது என்பதால் நல்ல ஏற்பாடுதான். ஆனால் வருகிற ஒவ்வொருவருக்கும் தம் பெயர் சொல்ல ஒரு திட்டம் தேவைப்படுகிறது. முன்னவர் நட்ட கன்றுக்குத் தண்ணீர் ஊற்றினால் அதை யார் கணக்கில் எழுதுவது? நெருக்கமாக நட்டு வேகமாக வளர்க்கும் மியாவாகி முறைக் காட்டுக்கே முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் களையெடுக்க வேண்டும், நீர் பாய்ச்ச வேண்டும். சங்கக் கணக்கில் அது மூன்று தலைவர்கள்.

தலைவர் மாறினால் திட்டமும் மாறத்தான் செய்யும் என்று சொல்பவர்களுக்குப் போலியோவை நினைவூட்டுகிறேன். ரோட்டரி தன் போலியோ ஒழிப்புத் திட்டத்தை 1985இல் தொடங்கியது. 1988வாக்கில் உலகெங்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,50,000 பேரை முடக்கிக்கொண்டிருந்த நோய் அது. இன்று அந்த எண்ணிக்கை 99 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துவிட்டது. அரசுகளும் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து இழுத்த தேர் அது, மறுக்கவில்லை. ஆனாலும் ஆண்டுதோறும் உலகத் தலைவரை மாற்றும் ஓர் அமைப்பு, நாற்பது ஆண்டுகளாக வடத்தைக் கைவிடவில்லை. அதே ரோட்டரி 2020இல் சுற்றுச்சூழலைத் தன் ஏழாவது கவனத் துறையாக அறிவித்தது. போலியோவில் காட்டிய பிடிவாதம் இதிலும் வந்ததா என்பதை ஒவ்வோர் ஊர்ச் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டித்தான் பார்க்க வேண்டும்.

என் யோசனை சிறியது. ஒரு குளமோ ஓடையோ, அருகிலிருக்கும் ஒரே ஒரு நீர்நிலையை எடுத்துக்கொண்டு ஐந்தாண்டுகள் விடாமல் அதன் பின்னால் போக வேண்டும். முதலில் எண்ண வேண்டும். 1986இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கடற்கரையில் குப்பை அகற்றிய தன்னார்வலர்கள், எடுத்த ஒவ்வொரு பொருளையும் அட்டையில் குறித்துக்கொண்டார்கள். இன்று பல நாடுகளில் நடக்கும் சர்வதேசக் கடற்கரைத் தூய்மைப் பணி அங்கிருந்துதான் கிளம்பியது. நாமோ மூட்டைகளை எண்ணுகிறோம், மூட்டைக்குள் என்ன இருந்தது என்று பார்ப்பதில்லை. ஒரே மதகடியில் மாதாமாதம் ஒரே வகைப் பொட்டலம் ஒதுங்கினால், பேச வேண்டிய ஆள் மதகுக்கு மேலே இருக்கிறார்.

தண்ணீர் தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை. 1865இல் செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் ஒரு வட்டத் தட்டைக் கயிற்றில் கட்டிக் கடலுக்குள் இறக்கினார், அவ்வளவுதான் கருவி. இப்போது ஏரி குளங்களில் பயன்படுத்துவது கறுப்பும் வெள்ளையுமாக நான்கு கால் பகுதிகள் தீட்டிய, 20 சென்டிமீட்டர் அகலத் தட்டு. மெல்ல இறக்கிக்கொண்டே போக, முதலில் வெள்ளை பச்சையாகும், பிறகு கறுப்புக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் மங்கும், பிறகு தட்டே இருக்காது. அந்த ஆழத்தைக் குறித்துக்கொள்ள வேண்டியதுதான். மாதந்தோறும் ஒரே இடத்தில், ஏறக்குறைய ஒரே நேரத்தில். அறுபது மாத அளவுகள் கையில் இருந்தால் அதிகாரியிடம் பேசும் பேச்சே வேறாகிவிடும்.

எனக்குப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. எங்கள் சங்கத்தில் கட்டடப் பொறியாளர் இருக்கிறார், கணக்குத் தணிக்கையாளர் இருக்கிறார், இரண்டு வழக்கறிஞர்கள், ஒரு மின் ஒப்பந்ததாரர் இருக்கிறார்கள். இத்தனை பேரையும் வரிசையில் நிறுத்தி ஆளுக்கொரு மண்வெட்டியைக் கொடுக்கிறோம்! 200 சதுர மீட்டர் பள்ளிக் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் 200 லிட்டர். அதைத் தொட்டிக்குக் கொண்டுபோகும் குழாய் எந்த அளவில் இருக்க வேண்டும் என்று அந்தப் பொறியாளர் ஒரு மாலையில் வரைந்து தந்துவிடுவார், யாரும் கேட்டதில்லை. தணிக்கையாளரிடம் நட்ட கன்றுகளின் பட்டியலைக் கொடுத்து, உயிரோடிருப்பவை எத்தனை என்று கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லலாம். (கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.) சிகாகோவில் 1905இல் பிறந்த முதல் ரோட்டரி சங்கம் 1907இல் கையிலெடுத்த முதல் பொதுப்பணி என்ன தெரியுமா? நகரத்துக்குப் பொதுக் கழிப்பறை. புகைப்படத்துக்கு எடுப்பான விஷயமில்லை, ஊருக்கு வேண்டியிருந்தது.

வருகிற ஜூலையில் புதிய தலைவர் பதவியேற்கிறார். விழாவில், கடந்த ஐந்தாண்டுகளில் நட்டவற்றில் உயிரோடிருக்கும் மரங்களின் எண்ணிக்கையை மேடையில் வாசிக்க வேண்டும் என்று செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். ஒரே ஓர் எண்தான், பத்து விநாடி போதும். நிகழ்ச்சி நிரலில் நேரமில்லை என்கிறார். வரவேற்புரைக்கு எத்தனை நிமிடம் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். இருபத்தைந்து என்றார்.