1941 டிசம்பர் 11: ஒரு விமானியைத் தேடப் போய்

கல்லூரியில் படிக்கும் என் மகள், ஆங்கிலப் பாடத்திற்காக 'ஹை ஃப்ளைட்' என்னும் பதினான்கு வரிக் கவிதையைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, "அப்பா, இவரப் பத்திக் கொஞ்சம் தேடிக் குடுங்க" என்றாள். அவள் கட்டுரையைக் கொடுத்து மாதங்கள் ஆகிவிட்டன. நான்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

எழுதியவர் ஜான் கில்லெஸ்பி மேகி. அமெரிக்கத் தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் 1922இல் ஷாங்காயில் பிறந்தவர். அமெரிக்கா போரில் இறங்காமல் இருந்த 1940இலேயே கனடா வான்படையில் சேர்ந்து, இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் போர் விமானம் ஓட்டினார். 1941 செப்டம்பரில் பெற்றோருக்கு எழுதிய கடிதத்தோடு இக்கவிதையை அனுப்பியபோது, 30,000 அடி உயரத்தில் தொடங்கி, தரையிறங்கிய சற்று நேரத்தில் முடித்ததாக அவரே குறிப்பிட்டிருக்கிறார்.

பலர் அவரை வான்போரில் வீழ்ந்தவர் என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. டிசம்பர் 11 அன்று, லிங்கன்ஷயரில் பயிற்சிப் பறப்பின்போது, மேகத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கிய அவரது விமானம், சுமார் 1,400 அடி உயரத்தில் ஓர் ஆக்ஸ்ஃபோர்டு பயிற்சி விமானத்தோடு மோதியது. விமானி மூடியைத் தள்ளித் திறக்கப் போராடியதையும், குதித்தபின் பாராசூட் விரிய உயரம் போதாமற்போனதையும் ஒரு விவசாயி பார்த்துச் சாட்சி சொல்லியிருக்கிறார். மேகிக்கு அப்போது வயது 19. மற்ற விமானத்தை ஓட்டிய எர்னஸ்ட் கிரிஃபினும் அங்கேயே இறந்தார். அவர் கவிதை எழுதி வைக்கவில்லை. ஆகவே மேகியின் கதையில் ஒரு வரியாக வந்து போகிறார்.

கவிதையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இறைவனின் முகத்தைத் தொட்டதாக முடியும் அதன் புகழ்பெற்ற கடைசிச் சொற்கள், 1938இல் வெளிவந்த பறத்தல் பற்றிய கவிதைத் தொகுப்பு ஒன்றில், கத்பெர்ட் ஹிக்ஸ் என்பவரின் கவிதையிலேயே இருக்கின்றன. இதைத் திருட்டு என்று குதிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. படித்தது மனத்தில் ஊறி, உயரத்தில் தனியாக இருந்த ஒரு பையனின் வாயில் தானாக வந்திருக்கலாம். ஆனால் இதை மறைத்துவிட்டு அவரைத் தெய்வ அருள் பெற்றவராக்குவது ஆய்வு அன்று, வழிபாடு.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்தத் தேதிதான். அதே டிசம்பர் 11இல்தான் ஜப்பானிய விமானங்கள் மலேசியாவின் பினாங்கில் உள்ள எங்கள் ஜார்ஜ்டவுன் மீது குண்டு போட்டன. எங்கள் பாட்டி சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம் ஆன நாள் அது. துருவிக்கொண்டிருந்த தேங்காயை அப்படியே போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினாராம். எல்லாரும் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றார்களாம். "நம்ம ஏரோப்ளேன்னு நெனச்சிக் கையாட்டுனோம் ஐயா" என்பார். அப்படித் திரண்டு நின்ற கூட்டத்தின் மீதுதான் குண்டுகள் விழுந்தன. தடுக்க மேலே எழும்ப இங்கே விமானம் இல்லை.

இரண்டு நாள் முன்பு, கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த் விமானத் தளத்தில், ஆர்தர் ஸ்கார்ஃப் என்னும் பிரிட்டிஷ் விமானி தன் பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானத்தை எழுப்பிய கையோடு, தரையில் நின்ற மற்ற விமானங்கள் ஜப்பானியத் தாக்குதலில் சிக்கின. அவர் ஒற்றை விமானமாகத் தாய்லாந்தின் சிங்கோரா வரை சென்று குண்டு வீசி, படுகாயத்தோடு அலோர் ஸ்டாரில் இறக்கிவிட்டு உயிர்விட்டார். 1946இல் பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவை அவருக்கு அளிக்கப்பட்டது. தைப்பிங் போர்க் கல்லறையில் இருக்கிறார். அந்த வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறேன், ஒருமுறைகூட இறங்கிப் பார்த்ததில்லை.

மேகியின் கவிதையில் வானம் ஒரு பேரின்பம். அதை நான் குறை சொல்லவில்லை. அதை வானத்திலிருந்து மட்டுமே படிப்பதைத்தான் குறை சொல்கிறேன். போர்க்கால விமானியை ஆராய்பவர் கவிதையிலிருந்து தொடங்காமல் அந்த நாளிலிருந்து தொடங்கினால், கிரிஃபினும் கிடைப்பார், வயலில் நின்ற விவசாயியும் கிடைப்பார். லிங்கன்ஷயரில் மோதிய உயரம்கூட எழுதப்பட்டிருக்கிறது. ஜார்ஜ்டவுனில் அண்ணாந்து நின்ற நம் வீட்டாருக்கு அப்படி யார் எழுதி வைத்தார்கள்?

ஜப்பான்காரன் காலத்தைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் உங்கள் வீட்டில் இருந்தால், அன்று அவர்கள் நின்ற தெருவையும் நேரத்தையும் மட்டுமாவது கேட்டுக் கீழே எழுதுங்கள். பாட்டி தேங்காயைப் போட்டுவிட்டு ஓடியது எந்தத் தெரு என்று நான் கடைசி வரை கேட்கவே இல்லை.