டர்போ இல்லாத இன்ஜினில் ரீமேப் எதற்கு?

பழைய பெட்ரோல் ஸ்விஃப்டை ரீமேப் செய்தாலே, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியின் மென்பொருளை மாற்றினாலே போதும், வேறு கார் தேவையில்லை என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த 1.2 லிட்டர் இன்ஜினில் டர்போ, அதாவது கூடுதல் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் செலுத்தும் கருவி, கிடையாது. 83 குதிரைத்திறன் தரும் அதில் ரீமேப், ஏர் ஃபில்டர், சைலன்சர் என்று எல்லாவற்றையும் மாற்றினாலும் கூடுவது சொற்பம்தான். சத்தம் கூடுவதையே பலர் வேகம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். டர்போ இன்ஜின் என்றால் கதை வேறு. அங்கே காற்றழுத்தத்தை மென்பொருளிலேயே ஏற்றலாம், டார்க், அதாவது சுழற்று விசை, நன்றாகவே கூடும். ஆனால் கிளட்சும் கியர்பாக்ஸும் அதைத் தாங்க வேண்டுமே!

ரீமேப்புக்கு ஆகும் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, ஸ்விஃப்டை விற்றுவிட்டு, நல்ல நிலையில் இருக்கும் ஃபோக்ஸ்வேகனின் டர்போ காரான போலோ ஜிடி டிஎஸ்ஐ ஒன்றைத் தேடலாம். 105 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் டார்க். அதன் டிஎஸ்ஜி எனும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டாமல் மட்டும் வாங்காதீர்கள்.

இருக்கிற காரை விற்க மனமில்லையா? சரி, முதலில் நல்ல டயர் போடுங்கள், பிரேக் பேடை மாற்றுங்கள். மலைப்பாதை வளைவுகளில் வித்தியாசம் உடனே தெரியும். அப்புறம், வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவையும் ஒருமுறை படித்துவிடுங்கள். செய்த மாற்றங்களை இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் சொல்லாமல் விட்டால், விபத்து நடந்தபின் கிளெய்ம் நிராகரிக்கப்படலாம்.