வித்த கடையே பழசைத் திரும்ப வாங்கட்டும்

போன வாரம் எங்கள் வாய்க்காலைத் தூர்வாரினார்கள். பொக்லைன் மதகடியில் அள்ளியபோது ஆகாயத்தாமரையோடு ஒரு புடவையும் வந்தது. பாலியஸ்டர். சேற்றை அலசிப் பார்த்தேன். ஊதாக் கரையும் மஞ்சள் பூவும் சாயம் போகாமல் அப்படியே இருந்தன. அதன் பின்னாலேயே லெக்கின்ஸ், துப்பட்டா, பள்ளிச் சீருடை. ஷட்டரில் இவ்வளவும் சுற்றிக்கிடந்தால் கடைமடைக்கு எப்படித் தண்ணீர் போகும்?

நான் வளர்ந்த வீட்டில் துணி வாய்க்காலுக்கு வராது. நைந்த புடவை தூளியாகும், நைந்த வேட்டி வடகம் காயப்போட உதவும், கடைசியில் இரண்டும் அடுப்படிக் கரித்துணி. மீதியைப் பாத்திரக்கார அம்மா எடுத்துப்போவார். கூடையை இறக்கிவைத்துவிட்டு, புடவையை வெயிலுக்கு நேரே பிரித்துப் பிடித்து, எங்கே இழை விட்டிருக்கிறது என்று விரலால் நீவிப் பார்ப்பார். "இன்னும் ரெண்டு சட்டை போடு தாயி" என்று பேரம் பேசித்தான் எவர்சில்வர் கிண்ணம் கைக்கு வரும். பழைய பட்டுப்புடவைக்கு இன்றைக்கும் தெருவில் ஆள் வருகிறது. ஜரிகையை உருக்கினால் வெள்ளி கிடைக்குமே!

வாங்கியவரிடமிருந்து பொருள் திரும்பிப் போகிற இந்த வழிக்குத்தான் ரிவர்ஸ் லாஜிஸ்டிக்ஸ் என்று பெயர். இன்று ஆன்லைனில் வாங்கிய சட்டை அளவு சரியில்லை என்றால் வீட்டுக்கே வந்து எடுத்துப்போகிறார்கள், சரி. அதே சட்டையை உடுத்திக் கிழித்தபிறகு சீந்த ஆளில்லை. திருப்பூரில் பனியன் வெட்டும்போது விழுகிற பருத்தித் துண்டுகள் மறுபடி நூலாகின்றன, ஒரே வகைத் துணியாக ஒரே இடத்தில் சேர்வதால். நம் பீரோவில் இருப்பதோ பருத்தியும் பாலியஸ்டரும், இழுத்தால் நீளுகிற எலாஸ்டேன் இழையும் கலந்தது. பிரிப்பது கஷ்டம், பிரித்தாலும் காசு பெரிதாகத் தேறாது. அதனால்தான் விற்றவர்களே அந்தச் செலவை ஏற்க வேண்டும் என்கிறேன். பிரான்சில் பழைய துணியைச் சேகரிக்கத் தயாரிப்பாளர்கள் பணம் கட்டுகிறார்கள். விற்காத துணியை எரிக்க 2022 முதல் அங்கே தடை.

அவ்வளவு தூரம் போவானேன்? அதே 2022இல், உயர் நீதிமன்றம் சொல்லி, நீலகிரியில் மது பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தர ஆரம்பித்தார்கள். பாட்டிலுக்கு முடிந்தது புடவைக்கு ஏன் முடியாது? தீபாவளிக்குக் கும்பகோணம் பெரிய தெருவில் துணி எடுக்கும்போது பில்லில் 10 ரூபாய் சேர்க்கட்டும், நான் சந்தோஷமாகக் கொடுப்பேன். அடுத்த தீபாவளிக்குப் பழசை அதே கடையில் வாங்கிக்கொள்ளட்டும்.

அந்த ஊதாப் புடவை இன்னும் கரையோரக் கருவேல முள்ளில் தொங்குகிறது. மழை வந்தால் மறுபடி வாய்க்காலுக்குள்தான் போகும்.