வர்க்கம் தெரிவது வருமானக் கணக்கில்

ஆங்கில எழுத்தாளர் ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ (1813) நாவலைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, அதை வெறும் காதல் கதையாகச் சுருக்கிவிட்டது. அதில் வரும் கணக்கைப் பாருங்கள். பென்னட் குடும்ப நிலத்தின் வருமானம் ஆண்டுக்கு 2,000 பவுண்டு. ஆண் வாரிசு இல்லாததால், அப்பா கண்மூடியதும் நிலம் தூரத்து உறவினர் காலின்ஸுக்குப் போய்விடும். அந்த வீட்டு மகளும் கதாநாயகியுமான எலிசபெத்துக்கு மிஞ்சுவது 4 சதவீத வட்டியில் 1,000 பவுண்டு, அதுவும் அம்மாவின் காலத்துக்குப் பிறகுதான். அதாவது ஆண்டுக்கு வெறும் 40 பவுண்டு! இந்த நிலையில், தன்னை மணக்கக் கேட்கும் காலின்ஸை அவள் மறுப்பது எவ்வளவு பெரிய துணிச்சல்!

தோழி சார்லட்டுக்கு வயது 27, பெரிய சொத்தும் இல்லை, அவனையே கட்டிக்கொள்கிறாள். அவளைச் சுயநலக்காரி என்பது அநியாயம். படித்த பெண்ணுக்கு அன்று இருந்த இன்னொரு வழி, பிறர் வீட்டில் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது. சம்பளம் சொற்பம், வீட்டாரோடும் ஒட்ட முடியாது, வேலைக்காரர்களோடும் ஒட்ட முடியாது.