சுண்ணாம்பு தோல் உரிக்க மட்டும்தானா?
மெக்சிகோவில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைப்பது தோல் எளிதில் கழல்வதற்காகத்தான் என்று நான் படித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர் ஒரே வரியில் முடித்துவிட்டார்; அந்த வரியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. தோல் கழல்வது உண்மைதான். மெக்சிகோவின் வாஹாகாவில் நான் தங்கியிருந்த வீட்டில், இரவு முழுக்க ஊறிய மணிகளைக் காலையில் விரல்களுக்கிடையே தேய்த்தால் தோல் வழவழவென்று நழுவும். ஈர மண்ணை நினைவூட்டும் ஒரு மணம் எழும். ஆனால் பெரிய பயன் கண்ணுக்குத் தெரியாதது. மக்காச்சோளத்திலுள்ள நியாசின் என்ற பி3 வைட்டமினின் பெரும்பகுதி நம் குடல் உறிஞ்ச முடியாதபடி பிணைந்து கிடக்கிறது. சுண்ணாம்பின் காரத்தன்மைதான் (அமிலத்துக்கு எதிரான குணம்) அதை விடுவிக்கிறது. ஐரோப்பியர்கள் இந்தப் பக்குவத்தை விட்டுவிட்டுத் தானியத்தை மட்டும் தங்கள் நாடுகளுக்குக் கொண்டுபோனார்கள். வட இத்தாலியில் பொலெண்டா என்ற மக்காச்சோளக் கூழையே நம்பி வாழ்ந்த ஏழை விவசாயிகள், நியாசின் குறைவால் வரும் பெலாக்ரா நோயில் தோல் வெடித்து, மனம் பேதலித்து மடிந்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தென் மாநிலங்களிலும் அதே கொடுமை. அது தொற்றுநோய் அல்ல, உணவுக் குறைபாடு என்று நிலைநாட்ட அமெரிக்க மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர் 1914 முதல் எவ்வளவு போராட வேண்டியிருந்தது! சுண்ணாம்பு வயிற்றைப் புண்ணாக்கிவிடாதா என்று அஞ்சும் வாசகருக்கு: ஒரு கிலோ மக்காச்சோளத்துக்குச் சுமார் 10 கிராம்தான் சேர்க்கிறார்கள், அரைப்பதற்கு முன் நன்றாகக் கழுவியும்விடுகிறார்கள். மணியில் தங்கும் சிறிதளவு உடலுக்குக் கால்சியமாகச் சேர்கிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வாழும் ஹோப்பி பழங்குடி மக்கள் சுண்ணாம்புக்குப் பதிலாகச் செடிச் சாம்பலைச் சேர்க்கிறார்கள். அதிலும் வேலை செய்வது காரத்தன்மைதான்.